குருதி என்னும் சொல்லும் பொருளும்

மலையகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் எடுத்தாளும் சொல் ஒன்றுண்டு. அஃது இரத்தம் என்பது. தேயிலையின் வேருக்கு வார்த்தது இரத்தம். கோப்பையிலே தெரியும் செம்மை இரத்தம். மூன்று தலைமுறை சிந்திய வியர்வையும் இரத்தம். கவியரங்குகளிலும், மேதின மேடைகளிலும், பாடசாலை ஆண்டு மலர்களிலும் இச்சொல்லைக் கேளாத நாளில்லை. சொல் பொய்யன்று. ஆனால், பல கை மாறிய நாணயத்தின் முகம் தேய்ந்து போவதுபோல, அளவின்றி வழங்கிய சொல்லும் தேய்ந்து போகின்றது. அதைச் சொல்பவர் நெஞ்சிலும் கேட்பவர் நெஞ்சிலும் அது இன்று எப்பொருளையும் எழுப்புவதில்லை.

அட்டனில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தின் முடிவில், தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கூறினார்: “கவிதையில எல்லாரும் லீற்றர் லீற்றரா இரத்தம் சிந்துறாங்க சேர். போன மாசம் இரத்ததான முகாமுக்கு எங்க தோட்டத்துப் பொம்பளைக ஆசையாப் போனாக. பாதிப் பேரை, ‘ஒங்களுக்கே இரத்தம் காணாது’ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாக.”

அன்றிரவு பேருந்தில் இறங்கி வரும்போது அந்த வாக்கியம் என்னை விடவில்லை. யாருடைய இரத்தத்தைப் பற்றி இத்தனை பாடினோமோ, அவர்களிடம் கொடுப்பதற்கு இரத்தம் இல்லை. முகாமில் இருந்தவர்கள் செய்ததில் தவறில்லை. கொடுப்பவரைக் காப்பதும் அவர்கள் கடமையே. தவறு நம்முடையது. இரத்தத்தை உவமையாக அறிந்த அளவுக்கு நாம் அதைப் பொருளாக அறியவில்லை. அறிந்திருந்தால் வேறு கேள்விகளைக் கேட்டிருப்போம். அக்கேள்விகளை ஆசிரியர், மாணவர், எழுத்தாளர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்தம் முழுவதும் சிவப்பன்று. உறையாதிருக்க மருந்திட்ட கண்ணாடிக் குழாயொன்றில் குருதியை எடுத்து நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் காத்திருப்போமாயின், அடியிலே செங்குழியங்கள் படியும். அவற்றின்மேல் வெண்மையான மெல்லிய படையொன்று தோன்றும். அதற்கும் மேலே, சாயம் குறைந்த தேநீர் போன்ற வைக்கோல் நிற நீர் தெளிந்து நிற்கும். நூற்றுக்கு ஏறக்குறைய 55 பங்கு இந்த மஞ்சள் நீரே. நம் பாடநூல்கள் இதனைத் திரவவிழையம் என வழங்கின. வைத்தியசாலையில் பிளாஸ்மா என்பர். வளர்ந்த ஒருவர் உடலில் ஓடும் 5 லீற்றர் குருதியில் 3 லீற்றருக்குச் சற்றுக் குறைவான அளவு பிளாஸ்மா உண்டு. பாதிக்கு மேற்பட்டது மஞ்சள். நாம் பாடியதெல்லாம் எஞ்சிய சிவப்பை.

செங்குழியத்தின் தலையாய சரக்கு ஒட்சிசன் ஒன்றே. ஏனையவற்றைச் சுமப்பது பிளாஸ்மா. உண்ட உணவின் வெல்லமும் கொழுப்பும், உப்புகளும், சுரப்பிகளின் ஓமோன்களும், சிறுநீரகம் கழிக்கவேண்டிய யூரியாவும் அதிலே கரைந்தோ மிதந்தோ செல்கின்றன. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டின் பெரும்பகுதியும் உருமாறி அதன் வழியாகவே நுரையீரலை அடைகின்றது. நுவரெலியாவின் பனிக்காலைகளில், உடலின் நடுவே பிறக்கும் சூட்டை விரல்நுனிவரை கொண்டு செல்வதும் இந்த ஓட்டமே.

பிளாஸ்மாவில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெறும் நீர். 7 அல்லது 8 பங்கு புரதங்கள். இப்புரதங்களுள் மூன்றை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். ஈரல் ஆக்கும் அல்புமின், குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைக்கின்றது. இந்த இழுவையின் இயல்பை ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் 1896ஆம் ஆண்டில் விளக்கினார். குளோபியுலின்களுள் ஒரு பிரிவு நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளாகும். பைபிரினோசன், காயம் பட்ட இடத்தில் நாராகி வலை பின்னிக் குருதியை உறையச் செய்வது. நீரும் சோறும் பருப்பும் உருமாறி நம்முள் ஓடுவதே பிளாஸ்மா. ஆகையால், ஒரு மக்கட் கூட்டத்தின் இரத்தத்தைப் பற்றிப் பேசுவது, அவர்கள் குடிக்கும் நீரைப் பற்றியும் உண்ணும் உணவைப் பற்றியும் பேசுவதேயாகும். இதனை மனத்திற் கொண்டு மலையகத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்தனர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனியும் நிகழ்ந்தது. அப்பாதையில் மாண்டவர் பலரைக் கொன்றது வாந்திபேதி. வாந்திபேதியில் காயமில்லை, ஒரு துளிச் செந்நீரும் சிந்துவதில்லை. குடலின் வழியாகப் பிளாஸ்மாவின் நீரும் உப்பும் வடிந்துவிடுகின்றன, எஞ்சிய குருதி தடித்து ஓட்டம் தளர்கின்றது, நாடி ஒடுங்குகின்றது. அம்மக்கள் இழந்தது உண்மையிலேயே இரத்தந்தான். ஆயினும் நம் பாடல்கள் காணாத, நிறமில்லாத இரத்தம்.

இதைவிட வருந்தத் தக்கது ஒன்றுண்டு. வாந்திபேதி நோயாளரின் குருதி நீரையும் உப்பையும் இழக்கின்றது என்பதை ஓஷாக்நசி என்னும் இளம் வைத்தியர் ஆராய்ந்து கூறினார். அதனைத் துணையாகக் கொண்டு, 1832ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தில் தோமஸ் லாத்தா என்பவர் உப்புநீரை நாளத்திற் செலுத்திச் சாகக் கிடந்தோர் சிலரை எழுப்பினார். எனினும் அம்முறை நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. நம் முன்னோர் காட்டுவழியில் வீழ்ந்த ஆண்டுகளில் அவர்களைக் காக்கும் உண்மை உலகில் இருந்தது. அவர்களிடம் வந்து சேரவில்லை. 1971ஆம் ஆண்டில் வங்காளதேசப் போரின் அகதிகள் வங்க எல்லையில் குவிந்தபோது, திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுத்துப் பெருந்தொகையான உயிர்களைக் காத்தார். இன்று அந்தப் பொடி எந்த மருந்துக் கடையிலும் உண்டு. ஆயினும் மருந்து இருக்கும் ஊருக்கும் நோயாளி இருக்கும் லயத்துக்கும் இடையிலான தூரம் முற்றாகக் குறைந்துவிட்டதா?

அடுத்து வருவது கொழுக்கிப் புழு. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் நூல் போன்ற உயிரி அது. செங்குழியத்தோடு இரும்புச்சத்தும், பிளாஸ்மாவோடு அல்புமினும் நாள்தோறும் கசிந்து போகின்றன. அல்புமின் மிகக் குறைந்தால் நீர் குழாய்களில் நில்லாது இழையங்களில் தேங்கும், முகம் ஊதும், கால் வீங்கும். மூச்சு வாங்கி மலையேற முடியாதவனுக்குச் சோம்பேறி என்ற பெயரைச் சூட்டுவது எளிது. 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுப்பது எளிதாக இருந்தது. மலசலகூடம் கட்டுவிப்பது எளிதாக இருக்கவில்லை. மருந்துண்டு தேறியவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் புழுவைப் பெற்றனர். குருதியைக் காப்பது குளிசை மட்டுமன்று, செருப்பும் கூரையும் குழியுங்கூட என்பதை மலையகம் அன்றே கற்றது. கற்றதை நிறைவேற்றியவர் சிலரே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உணவு குறைந்தால் பிளாஸ்மாவும் குறைய வேண்டுமே. அவ்வாறாயின் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் முகம் ஊதியிருக்க வேண்டாமோ? உடலின் கணக்கு வேறு. பஞ்சம் வந்த வீட்டில் தாய் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல, உடல் தசையைக் கரைத்தும் வளர்ச்சியை நிறுத்தியும் பிளாஸ்மாவின் புரதத்தைக் கூடியவரை காத்துக்கொள்கின்றது. எனவே குருதிச் சோதனையில் குறை தெரியாத பிள்ளையும் உயரத்தில் குறைந்து நிற்கும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். இதனைப் பரம்பரைக் குள்ளம் என்று சொல்லி அமைதி கொள்வாரும் உளர். அவர்கள் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாகக் கழியும் காலையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

சாயத்தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் உண்டு. குடலிலிருந்து இரும்பை ஏற்று எலும்பு மச்சைக்குக் கொண்டு செல்வது பிளாஸ்மாவிலுள்ள ஒரு புரதம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, உணவோடு தேநீர் அருந்தும்போது அந்தத் தேநீரின் துவர்ப்பொருளால் கட்டுண்டு, குடலைத் தாண்டாமலே வெளியேறிவிடுகின்றது. தேயிலை மக்களின் இரத்தத்தை உறிஞ்சுகின்றது என்பது மேடைப் பேச்சு. உணவோடு குடித்த தேநீர் இரும்பைத் தடுக்கின்றது என்பது மெய்ப் பேச்சு. முன்னதற்குக் கைதட்டல் கிடைக்கும். பின்னதைக் கூறினால் ஒரு தாய் தன் குளிசையைத் தேநீரோடு விழுங்காமல், ஒரு மணி நேரம் தள்ளித் தேசிக்காய் நீரோடு விழுங்குவாள்.

கருவுற்ற காலத்தில் பெண்ணின் பிளாஸ்மா நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை பெருகுகின்றது. செங்குழியங்களும் பெருகும்; ஆனால் அந்த அளவுக்கன்று. ஆகவே குருதி நீர்த்துப் போதல் இயற்கையே. பேற்றின்போது அரை லீற்றர் அளவு குருதி போனாலும் தாய் தாங்குவதற்கென இயற்கை முற்கூட்டியே சேமிக்கும் சேமிப்பு அது. முன்னரே சோகையுற்றவள் அந்தச் சேமிப்பில்லாமல் பேற்றறைக்குப் போகின்றாள். பிளாஸ்மாவின் பெரும்பங்கு நீர் என்றோமல்லவா? கொழுந்து மலையிலே மலசலகூடம் இல்லாமையால், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மாலைவரை தாகத்தை அடக்கி நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! தண்ணீர்க் குடமும் ஒதுக்கிடமும் கேட்பது சலுகை கேட்பதன்று. குருதிக்குக் கேட்பது.

மலையிலே இருக்கும்போது இன்னும் இரண்டு உயிர்களைப் பற்றிச் சொல்லாமலிருக்க இயலாது. ஒன்று அட்டை. அது கடித்து விலகிய பின்னும் குருதி நில்லாது வழிவதை ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் கண்டிருக்கின்றது. அட்டையின் உமிழ்நீரிலுள்ள பொருள், பைபிரினோசன் நாராவதைத் தடுக்கின்றது. அதனால் வலை பின்னப்படவில்லை. உறைதலைத் தடுக்கும் இப்பண்பை ஹேக்ராவ்ட் என்பவர் 1884ஆம் ஆண்டில் கண்டறிந்தார். குருதி உறைதலைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுமுன், “நேற்று யாருக்கு அட்டை கடித்தது?” என்று கேட்பாராயின், கைகள் எழும், பாடமும் எழும்.

மற்றையது குளவி. இது சிரிப்புக்குரிய செய்தியன்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி என்ற செய்தி நம் நாளிதழ்களில் மழைச்செய்திபோல வந்துகொண்டேயிருக்கின்றது. மரணச் செய்தியும் இடையிடையே வருகின்றது. நஞ்சை ஒவ்வாத உடலில் மயிர்த்துளைக்குழாய்களின் சுவர் திடீரெனத் தளர்கின்றது. பிளாஸ்மா வெளியே கசிகின்றது. பத்து நிமிடத்துக்குள் ஓடும் நீரில் மூன்றில் ஒரு பங்குவரை குழாய்களை விட்டு வெளியேறிவிடலாம். மூச்சு அடைக்கும், நாடி விழும். இதனைத் தடுக்கும் மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் உடனே ஏற்றப்படவேண்டியது. அதுவரை நோயாளியை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திவைத்தல் வேண்டும். மூச்சுத் திணறுவோரைச் சாய்ந்து அமரச் செய்யலாம்.

பத்து நிமிடம் என்ற கணக்கை மலையின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். உச்சி மலையிலிருந்து பாதைக்குத் தூக்கிவர எத்தனை நிமிடம்? லொறி வர எத்தனை? இந்திய உதவியால் 150 கட்டில்களோடு எழுந்து 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை போன்றவை வந்தது நன்றே. ஆனால், எவ்வளவு பெரிய வைத்தியசாலையானாலும் பத்தாவது நிமிடத்தை அது மலைக்கு வந்து பிடிக்க முடியாது. மருந்தும், அதை ஏற்றப் பயின்ற கையும் மலையருகே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பயிற்சி பெற்ற இருவர், பழுதுபடாது வைத்த மருந்துப் பெட்டி, கூடு கட்டிய மரங்களை முற்கூட்டிப் பார்த்தல் ஆகிய மூன்றும் பெரும் செலவுக்குரியவையல்ல. செலவு பெரிதாகத் தோன்றுவது, சாவோர் எவர் என்பதைப் பொறுத்தது போலும்!

குருதியை உவமையாக்கியவர் கவிஞர் மட்டுமல்லர்; அரசுந்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டது. வம்சத்தின் குருதிக்குச் சான்று காட்ட இயலாதார் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை எண்ணிப் பிரித்தது. 2003ஆம் ஆண்டிற்றான் எஞ்சியோருக்கு வழி திறந்தது. ஆனால் மெய்யான குருதி வேறு வகையில் மனிதரைப் பிரிக்கின்றது. ஒருவர் பிளாஸ்மா மற்றொருவர் செங்குழியத்தை ஏற்பதையும் ஒட்டவைத்து ஒதுக்குவதையும் ஆராய்ந்து, 1901ஆம் ஆண்டில் கார்ள் லாண்ட்ஸ்ரைனர் குருதிக் கூட்டங்களை வகுத்தார். அந்த வகுப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பிரிவில்லை. குடியுரிமைச் சான்றிதழும் கேட்பதில்லை. இலங்கையின் இரத்த வங்கிகள் இன்று விலை கொடுத்து வாங்காமல், தாமாக முன்வருவோரின் கொடையிலேயே நடக்கின்றன. அந்தக் கொடையில் பங்குகொள்ளும் உடல்நலம் தோட்டத்துப் பெண்ணுக்கு இல்லையென்றால், நாட்டின் பொதுவாழ்விலே அவளுக்கு இன்னொரு வாசலும் அடைபட்டதாகவே பொருள்.

“இலக்கியத்தை வைத்தியப் பாடமாக்கப் பார்க்கிறீரா?” என்று நண்பர்கள் சினந்து வினவக்கூடும். உவமைக்கு உரிய இடம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அடக்கப்பட்ட ஒரு சமூகம் தன் துயரை உரத்துச் சொல்ல, முதலில் இரத்தம் என்ற சொல்லே வாய்த்தது. ஆனால் உவமை பொருளை மறைக்கத் தொடங்கும்போது அதை விலக்கிப் பார்த்தல் எழுத்தாளன் கடமை. சிந்திய இரத்தம் என்னும்போது நம் கண் சென்ற காலத்துத் தியாகத்தை நோக்குகின்றது. ஓடும் இரத்தம் என்னும்போது இன்று காலை ஒருத்தி என்ன உண்டாள் என்பதை நோக்குகின்றது. முன்னதற்கு நினைவுச்சின்னம் எழுப்பலாம். பின்னதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

தமிழுக்கு இது புதிய முயற்சியுமன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பையும் உடலியக்கத்தையும் தமிழ் நூல்களாக்கினார். அதே தீவில், அதே காலத்தில், அதே மொழி பேசிய மக்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மாண்டுகொண்டிருந்தனர். அறிவு தமிழில் இருந்தது. தமிழர் கையில் இல்லை. இரண்டுக்கும் இடையே நடக்கவேண்டிய ஆள் ஆசிரியரே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. குருதியைப் பற்றிய பாடத்தை மாணவரின் வாழ்விலிருந்தே தொடங்குங்கள். அட்டையும் குளவியும் சாயத்தண்ணியும் உங்கள் பாடத்துணைகளாகட்டும். மாணவர்களே, பாடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். குளிசையைத் தேநீரோடு விழுங்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் உங்கள் வாயால் சொல்லுங்கள். எழுத்தாளர்களே, அடுத்த கவிதையில் இரத்தம் என்று எழுதுமுன், திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண்களுள் ஒருத்தியைக் கண்டு அவள் கூறுவதைக் கேளுங்கள்.

அந்த இளம் ஆசிரியையை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். தம் வகுப்பு மாணவிகள், அன்று திரும்பி வந்த தாய்மாரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, மாதந்தோறும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதாகச் சொன்னார். “அடுத்த முகாமுக்குள்ள ரெண்டு பேராவது தேறிருவாங்க சேர்” என்றார். அக்கொப்பியை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் ஈமோகுளோபின் அளவுகள் எழுதப்பட்டிருந்தன. மாதத்துக்கு மாதம் சிறுகச் சிறுக ஏறிக்கொண்டிருந்தன.